சாயம் படிந்த விரல்கள்: பால் எர்லிக்கின் வாழ்வும் ஒரு துளி இரத்தமும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்

துணிக்கு ஏற்றும் சாயத்திற்கும் மனிதனுக்கு வரும் காய்ச்சலுக்கும் என்ன தொடர்பு இருக்க முடியும்? இரண்டு ஆண்டுகளுக்கு முன் யாரேனும் என்னிடம் இப்படிக் கேட்டிருந்தால், விடுகதை போடுகிறார் என்றே நினைத்திருப்பேன். அந்தக் கேள்விக்கு விடையாக ஒரு மனிதரின் வாழ்க்கையையே சொல்லலாம் என்பதை நம் கல்லூரியில் சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டேன். அவர் பெயர் பால் எர்லிக். அவருடைய வரலாற்றைத் தொடங்குமுன், நான் அவரிடம் வந்து சேர்ந்த வழியைச் சொல்லிவிடுகிறேன்.

2021-ஆம் ஆண்டு மே மாதம். கொரோனாவின் இரண்டாம் அலை அடித்துக்கொண்டிருந்த நேரம். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே ஒரு வரிசை வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்கூடம் ஒன்றில் தையல் வேலை செய்கிறவர். அப்பாவுக்கு ஐந்து நாள் காய்ச்சல் அடித்தது. ஆறாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியது. மருத்துவமனையில் இரத்தம் எடுத்தார்கள். மாலையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். தாள் முழுவதும் ஆங்கிலச் சொற்களும் எண்களும். எங்கள் குடும்பத்தில் அதிகம் படித்தவள் பத்தாம் வகுப்பு மாணவியாகிய நான்தான். அம்மா அந்தத் தாளை என் கையில் கொடுத்து, அப்பாவுக்கு என்ன என்று படித்துச் சொல்லச் சொன்னார். லிம்போசைட் என்ற சொல்லுக்கு எதிரே 9 என்று இருந்தது. பக்கத்தில் கீழ்நோக்கிய ஓர் அம்புக்குறி. எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்ததே தவிரப் பொருள் விளங்கவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அம்மா நம்பினார்.

அப்பா பதினெட்டு நாள் கழித்துப் பிழைத்து வீடு வந்தார். ஆனால் நான் சொன்ன பொய் என்னைவிட்டுப் போகவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, குடும்பச் சூழ்நிலையால் ஓராண்டு தொழிற்பேட்டையில் பொருள்களைக் கட்டும் பிரிவில் வேலை செய்துவிட்டு, பிறகு இந்தக் கல்லூரிக்கு வந்தேன். சென்ற பருவத்தில் ஒருநாள் ஆய்வகத்தில் எங்கள் பேராசிரியை இரத்தப் பூச்சு தயாரிக்கக் கற்றுக்கொடுத்தார். ஸ்லைடில் ஒரு துளி இரத்தம். இன்னொரு ஸ்லைடின் விளிம்பால் அதை மெல்லிய படலமாக இழுத்து உலர்த்துதல். அதன்மேல் லீஷ்மன் சாயத்தைச் சொட்டு சொட்டாக விட்டு இரண்டு நிமிடம் காத்திருத்தல். பிறகு இரு மடங்கு நீர் சேர்த்துப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுதல். எண்ணெய்த் துளியிட்டு ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தபோது, இளஞ்சிவப்புத் தட்டுகளாகச் சிவப்பணுக்கள் பரந்து கிடந்தன. நடுவே ஊதா நிறக் கருக்களோடு வெள்ளையணுக்கள் நின்றன. இவற்றை வகை வகையாகப் பிரித்து உலகுக்குக் காட்டியவர் எர்லிக் என்று பேராசிரியை சொன்னார். அன்று மாலை வீடு திரும்பியபோது என் விரல் நுனிகளில் நீலம் ஒட்டியிருந்தது. அம்மாவின் விரல்களிலும் அன்று தைத்த துணியின் நீலம் இருந்தது. இருவர் கைகளையும் பார்த்து அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னை நூலகத்திற்கு அனுப்பியது.

பிறப்பும் இளமையும்

பால் எர்லிக் 1854-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள் ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அன்று பிரஷ்ய நாட்டின் சைலீசியா மாநிலத்தில் இருந்த அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. தந்தை இஸ்மார் எர்லிக் மதுவகைகள் வடிக்கும் தொழில் செய்தவர். தாய் ரோசா வைகர்ட். தாய்வழி உறவினரான கார்ல் வைகர்ட் எர்லிக்கைவிட ஒன்பது வயது மூத்தவர், மருத்துவம் படித்தவர், உடலின் திசுக்களைச் சாயமேற்றிப் பார்ப்பதில் அக்காலத்தில் முன்னோடியாக விளங்கியவர். மாணவப் பருவத்திலேயே எர்லிக்குக்குச் சாயங்களின் மீது பித்து ஏற்பட்டது அவரால்தான்.

அக்காலம் சாயங்களின் பொற்காலம். எர்லிக் இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தபோது, 1856-இல், லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயது மாணவர் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக்கொண்டு மலேரியாவுக்கான குயினைனைச் செய்ய முயன்றார். குயினைன் வரவில்லை, அழகிய ஊதாச் சாயம் வந்தது. அதுமுதல் அவுரியையும் மஞ்சிட்டியையும் நம்பியிருந்த துணித்தொழில் தாரிலிருந்து பிறந்த சாயங்களுக்கு மாறத் தொடங்கியது. ஜெர்மனியில் பெரிய சாயத் தொழிற்சாலைகள் எழுந்தன. ஈயோசின் என்ற சிவப்பும் மெத்திலின் நீலமும் 1870-களில் அங்கே பிறந்தவை. துணிக்காகப் பிறந்த அந்த இரு நிறங்களின் கலவையே இன்று நம் ஆய்வக மேசையில் உள்ள லீஷ்மன் சாயத்தின் அடிப்படை.

எர்லிக் பிரெஸ்லாவ், ஸ்ட்ராஸ்பர்க், ஃபிரைபர்க், லைப்சிக் ஆகிய நகரங்களில் மருத்துவம் பயின்றார். தேர்வுகள் அவருக்குப் பிடித்தமானவை அல்ல. ஸ்ட்ராஸ்பர்க்கில் அவர் மேசை மட்டும் எல்லா நிறங்களிலும் கறை படிந்து கிடந்ததாம். பிரெஸ்லாவ் ஆய்வகத்தைப் பார்க்க வந்த ராபர்ட் காக்கிடம் இளைஞர் எர்லிக்கைக் காட்டி, சாயமேற்றுவதில் கெட்டிக்காரர், ஆனால் தேர்வில் தேறமாட்டார் என்று சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. அவர் தேறினார். 1878-இல் லைப்சிக்கில் பட்ட ஆய்வேட்டை அளித்தார். ஆய்வேட்டின் பொருளும் சாயமேற்றுதலே. திசுக்களில் இருக்கும் மாஸ்ட் அணுக்களுக்குப் பெயர் கொடுத்ததும் அந்த ஆய்வேட்டில்தான்.

வண்ணத்தால் வகுத்த அணுக்கள்

அதே 1878-இல் பெர்லினில் உள்ள சாரிடே மருத்துவமனையில் ஃப்ரெரிக்ஸ் என்ற பெரும் மருத்துவரின் உதவியாளராகச் சேர்ந்தார். புகழ்பெற்ற ஃப்ரெரிக்ஸ் இளைஞரின் போக்கில் குறுக்கிடவில்லை. நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் ஆய்வுக்கே என்று விட்டுவிட்டார்.

அதுவரை இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஈரமாக, நிறமின்றியே பார்த்தார்கள். வெள்ளையணுக்கள் உண்டு என்று தெரியும். அவற்றுள் நுண்மணிகள் கொண்டவையும் இல்லாதவையும் உண்டு என்றும் தெரியும். அதற்கு மேல் பிரித்தறிவது அரிதாக இருந்தது. எர்லிக் இரத்தத்தைக் கண்ணாடியில் மெல்லியதாகப் பரப்பி, உலர்த்தி, சூடேற்றி நிலைப்படுத்தினார், பிறகு சாயமிட்டார். சாயம் என்பது வெறும் நிறமன்று, அது ஒரு வேதிப்பொருள் என்பதே அவர் எண்ணம். ஒரு சாயம் ஓர் அணுவின் மணிகளில் ஒட்டி மற்றோர் அணுவின் மணிகளில் ஒட்டவில்லை என்றால், அந்த இரண்டு அணுக்களும் வேதியியலில் வேறுபட்டவை என்றுதானே பொருள்?

இந்த எளிய வாதத்தைக்கொண்டே 1879-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் வெள்ளையணுக்களை வகுத்தார். ஈயோசின் போன்ற அமிலச் சாயத்தை விரும்பிச் சிவக்கும் பெரிய மணிகள் கொண்டவை ஈயோசினோபில். காரச் சாயத்தை ஏற்று நீலக்கருப்பாகும் மணிகள் கொண்டவை பேசோபில். இரண்டும் கலந்த நடுநிலைச் சாயத்தை ஏற்பவை நியூட்ரோபில். மணிகள் இல்லாது, உருண்டைக் கருவும் அதைச் சுற்றி மெல்லிய நீல விளிம்பும் உடையவை லிம்போசைட். நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் பெயர்கள் சாயத் தொட்டியிலிருந்து வந்தவை என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

இந்த வகைப்பாட்டால் மருத்துவருக்குக் கிடைத்த பயன் பெரிது. நலமான ஒருவரின் நூறு வெள்ளையணுக்களை எண்ணினால், ஏறத்தாழ 40 முதல் 75 வரை நியூட்ரோபில்களும் 20 முதல் 45 வரை லிம்போசைட்டுகளும் இருக்கும். மோனோசைட்டுகளும் ஈயோசினோபில்களும் சில. பேசோபில் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போகலாம். நோய் வந்தால் இந்தக் கணக்கு மாறும். சீழ்பிடிக்கும் பாக்டீரியத் தொற்றில் நியூட்ரோபில்கள் பெருகும். முதிராத இளம் நியூட்ரோபில்களும் இரத்தத்தில் தலைகாட்டும். குடற்புழு, யானைக்கால் புழு, ஒவ்வாமை ஆகியவற்றில் ஈயோசினோபில்கள் கூடும். வைரசால் வரும் சளி, இருமல், காய்ச்சலில் வெள்ளையணுக்களின் மொத்த எண்ணிக்கை பெரும்பாலும் உயராது. சில வேளைகளில் குறையும். அப்போது கவனிக்க வேண்டியவை லிம்போசைட்டுகள்.

தன் நோயைத் தானே கண்டவர்

1882 மார்ச் 24. பெர்லினில் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்த கூட்டம். கேட்டுக்கொண்டிருந்தவர்களுள் எர்லிக்கும் ஒருவர். அந்தக் கிருமி எளிதில் சாயம் ஏற்பதில்லை. காக்கின் முறையோ கடினமானது. எர்லிக் அன்றே தம் ஆய்வில் இறங்கினார். உலர்வதற்காக ஸ்லைடுகளை அணைந்திருந்த அடுப்பின்மேல் வைத்ததாகவும், தெரியாமல் யாரோ அடுப்பை மூட்டிவிட, கெட்டுப்போயின என்று நினைத்த ஸ்லைடுகளில் கிருமிகள் பளிச்சென்று தெரிந்ததாகவும் சொல்வார்கள். வெப்பம் சாயத்தை உள்ளே செலுத்தியது. ஒருமுறை சாயம் ஏற்ற காசநோய்க் கிருமி அமிலத்தால் கழுவினாலும் நிறத்தை விடாது என்பதையும் எர்லிக் கண்டார். பிறகு சீல், நீல்சன் என்ற இருவர் இம்முறையைத் திருத்தியமைத்தனர். நம் நாட்டின் காசநோய் மையங்களில் சளியைச் சோதிக்க இன்றும் கைக்கொள்ளும் முறைகளுள் அதுவும் ஒன்று.

1883-இல் எட்விக் பிங்குஸ் என்ற அம்மையாரை மணந்தார். இரு பெண் குழந்தைகள் பிறந்தனர். 1885-இல் ஃப்ரெரிக்ஸ் மறைந்தார். பின்வந்த தலைவர் எர்லிக்கின் ஆய்வுக்கு முன்போல் இடம் கொடுக்கவில்லை. இந்த நெருக்கடிக்கிடையே ஓயாத இருமல் வந்தது. எர்லிக் தம் சளியை எடுத்து, தாம் கண்டுபிடித்த முறைப்படியே சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். காசநோய்க் கிருமிகள் தெரிந்தன.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு அப்போது முப்பத்து நான்கு வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ. மனைவியும் இரு பிஞ்சுக் குழந்தைகளும் இருந்தார்கள். அந்நாளில் காசநோய்க்கு மருந்தில்லை. தெரியாமலே இருந்திருக்கலாமே என்று அவர் நினைத்திருக்க முடியாதா? ஆனால் அவர் பார்த்தார், பார்த்ததை ஒப்புக்கொண்டார். 1888-இல் வேலையை விட்டுவிட்டு, வறண்ட காற்றை நாடிக் குடும்பத்தோடு எகிப்துக்குச் சென்றார். 1889-இல் உடல் தேறிப் பெர்லின் திரும்பினார். வேலையில்லை. சிறிய ஆய்வகம் ஒன்றைத் தாமே வாடகைக்கு அமைத்துக்கொண்டு மீண்டும் தொடங்கினார்.

ஒட்டுதல் என்ற ஒரே எண்ணம்

1891-இல் காக் அவரைத் தம் புதிய ஆய்வு நிலையத்திற்கு அழைத்துக்கொண்டார். அதே ஆண்டில் மெத்திலின் நீலத்தை மலேரியா நோயாளிகள் இருவருக்குக் கொடுத்துப் பார்த்தார் எர்லிக், நோய் தணிந்தது. இரத்தத்தில் உள்ள ஒட்டுண்ணியில் ஒட்டும் சாயம் அதற்கு நஞ்சாகவும் அமையலாமே என்பது அவர் கணக்கு. மலேரியா மருந்தைத் தேடிய பெர்கினுக்குச் சாயம் கிடைத்தது. சாயத்தைத் தேடிய எர்லிக்கோ மலேரியாவில் வந்து நின்றார்!

அடுத்து தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியா. குழந்தைகளை மூச்சுத்திணறவைத்துக் கொன்ற நோய் அது. பேரிங் கண்டுபிடித்த எதிர்நஞ்சு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வலிமையில் இருந்தது. குதிரைகளிடமிருந்து வலிமைமிக்க எதிர்நஞ்சைப் பெறவும், அதன் வலிமையை அலகிட்டு அளக்கவும் வழி வகுத்தவர் எர்லிக். அளவு தெரியாத மருந்தை நம்பிக் குழந்தைக்குக் கொடுக்க முடியுமா? அளந்த பிறகே அது மருந்தாயிற்று. 1896-இல் ஸ்டெக்லிட்ஸ் என்ற இடத்தில் சீரச் சோதனைக்கென ஒரு நிலையம் அவர் தலைமையில் தோன்றியது. 1899-இல் அது ஃபிராங்பர்ட் நகருக்கு மாறியது. நம் கிண்டியில் கிங் நோய்த்தடுப்பு நிலையம் நிறுவப்பட்டதும் அதே 1899-இல்தான்.

எதிர்நஞ்சு உடலில் எப்படிப் பிறக்கிறது? 1897-இல் எர்லிக் ஒரு விளக்கம் தந்தார். அணுவின் மேற்பரப்பில் பக்கச் சங்கிலிகள் பல உண்டு. பூட்டும் சாவியும் போலத் தனக்குப் பொருந்திய சங்கிலியில் நஞ்சு ஒட்டிக்கொள்கிறது. இழந்ததை ஈடுசெய்ய அணு அதே வகைச் சங்கிலிகளை மிகுதியாக உண்டாக்குகிறது. மிகுதியானவை உதிர்ந்து இரத்தத்தில் மிதக்கின்றன. அவையே எதிர்நஞ்சு. 1900-இல் லண்டனில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவில் இதைப் படங்களாகவே வரைந்து காட்டினார். பலர் கேலி செய்தார்கள். 1908-இல் நோபல் பரிசு அவருக்கும் மெச்னிகாஃபுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. வெள்ளையணுக்கள் கிருமிகளை விழுங்குகின்றன என்று கண்டவர் மெச்னிகாஃப்.

இங்கேதான் எனக்கு வியப்பு. லிம்போசைட்டைச் சாயத்தால் பிரித்துக் காட்டியவர் எர்லிக். எதிர்ப்பொருளை உண்டாக்கி உதிர்க்கும் ஓர் அணு இருக்க வேண்டும் என்று மனக்கண்ணால் கண்டவரும் எர்லிக். அந்த அணுவே இந்த லிம்போசைட் வகைதான் என்பது அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கழித்து, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் உறுதியாயிற்று. விடையின் இரண்டு பாதிகளையும் தம் இரு கைகளில் வைத்திருந்தும், அவை பொருந்துவதைக் காண அவருக்கு வாய்க்கவில்லை.

அறுநூற்றாறு

1906-இல் பிரான்சிஸ்கா ஸ்பேயர் என்ற அம்மையார் மறைந்த கணவர் நினைவாக அளித்த பெருங்கொடையால் எர்லிக்குக்கு மற்றோர் ஆய்வு மனை கிடைத்தது. சாயம் போலக் கிருமியை மட்டும் தேடிச்சென்று ஒட்டும் மருந்தைச் செய்ய வேண்டும் என்பது அவர் கனவு. ஆர்செனிக் கலந்த நூற்றுக்கணக்கான சேர்மங்களைச் செய்து எண்ணிட்டுச் சோதித்தார்கள். 606-ஆம் எண்ணுள்ள பொருள் பயனற்றது என்று முதலில் ஒதுக்கப்பட்டது. 1909-இல் ஜப்பானிலிருந்து வந்த சகாசிரோ ஹாட்டா எல்லாவற்றையும் பொறுமையாக மறுபடியும் சோதித்தார். ஒதுக்கப்பட்ட 606 மேகநோய்க் கிருமியை அழித்தது. சால்வர்சான் என்ற பெயரில் 1910-இல் அது உலகெங்கும் பரவியது.

புகழோடு பழியும் வந்தது. மருந்தைக் கரைத்து ஊசியிடுவது கடினம்; ஆர்செனிக்கின் தீங்கு சிலரைத் தாக்கியது. எர்லிக் மீது அவதூறு எழுதியவர் மேல் 1914-இல் வழக்கு நடந்தது; எழுதியவர் தண்டிக்கப்பட்டார். ஆனால் எர்லிக்கின் உடல் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. நாள் முழுதும் சுருட்டு, சரியான உணவில்லை, ஓய்வில்லை. முதல் உலகப்போர் அவர் மனத்தையும் வாட்டியது. 1915 ஆகஸ்ட் 20-ஆம் நாள் பாட் ஹோம்பர்க் என்ற ஊரில் அவர் உயிர் பிரிந்தது. வயது அறுபத்தொன்று.

யூதர் என்பதால் நாஜிகள் அவர் நினைவை அழிக்க முயன்றனர். ஃபிராங்பர்ட்டில் அவர் பெயர் தாங்கிய தெருவின் பெயர் 1938-இல் நீக்கப்பட்டது. அவர் மனைவி 1939-இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச்சென்று, பின் அமெரிக்காவில் வாழ்ந்து மறைந்தார். ஆனால் காலம் திரும்பியது. அவர் தலைமையில் தோன்றிய சீரச் சோதனை நிலையம் இன்று பால் எர்லிக் நிலையம் என்ற பெயரில், ஜெர்மனியில் தடுப்பூசிகளைச் சோதித்து ஒப்புதல் தரும் அரசு அமைப்பாக விளங்குகிறது. அந்நாட்டில் கொரோனாத் தடுப்பூசியை மனிதருக்குப் போட்டுச் சோதிக்க முதல் அனுமதியை 2020 ஏப்ரலில் வழங்கியது அந்த நிலையமே.

சென்னைக்கு வந்த சாயம்

எர்லிக்கின் சாயம் நம் ஊருக்கு எப்படி வந்தது? 1891-இல் ரஷ்யாவில் ரொமனோவ்ஸ்கி, ஈயோசினையும் பழைய மெத்திலின் நீலத்தையும் கலந்தால் மலேரியா ஒட்டுண்ணியின் கரு ஊதாவாகத் தெரிவதைக் கண்டார். இந்தியாவில் ஏழாண்டுகள் படை மருத்துவராக இருந்துவிட்டுத் திரும்பிய வில்லியம் லீஷ்மன் 1901-இல் அதை எளிதாக்கி, மெத்தில் ஆல்கஹாலில் கரைத்துத் தந்தார். லீஷ்மன் ஒரு படைவீரரின் மண்ணீரலில் கண்டதும், சென்னையில் மருத்துவராகப் பணியாற்றிய சார்லஸ் டோனோவன் தம் நோயாளிகளிடம் கண்டதும் ஒரே ஒட்டுண்ணி என்று 1903-இல் தெரியவந்தது. காலா அசார் என்னும் கருங்காய்ச்சலின் கிருமிக்கு இருவர் பெயரும் சேர்ந்தே வழங்குகிறது. அன்று சென்னையில் ஒரு மருத்துவர் குனிந்து பார்த்ததும், இன்று நம் ஆய்வகத்தில் நாம் குனிந்து பார்ப்பதும் ஒரே நிறக் குடும்பத்தைத்தான்.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி சளிக் காய்ச்சலிலிருந்து தேறி வந்தாள். தானே முன்வந்து விரலை நீட்டினாள். அவளுடைய பூச்சில் நூறு அணுக்களை எண்ணினோம். லிம்போசைட்டுகள் 52 இருந்தன. அவற்றுள் சில வழக்கத்தைவிடப் பெரியவை. நீலப்பகுதி அகன்று, அருகிலுள்ள சிவப்பணுக்களைத் தழுவி வளைந்து, தொட்ட இடத்தில் நிறம் அடர்ந்து நின்றது. இவை வைரசை எதிர்க்கத் தூண்டப்பட்ட லிம்போசைட்டுகள் என்று பேராசிரியை விளக்கினார். ஓய்வாக இருந்த அணு, எதிரியை அறிந்ததும் வளர்ந்து வேலைக்குத் தயாரான கோலம் அது. எர்லிக் படமாக வரைந்த கற்பனை எங்கள் கண்முன் நின்றது.

பேராசிரியை ஓர் எச்சரிக்கையும் தந்தார். இந்த மாற்றத்தைப் பார்த்து உடல் வைரசை எதிர்க்கிறது என்று ஐயுறலாம்; எந்த வைரஸ் என்று சொல்ல முடியாது. அதற்கு வேறு சோதனைகள் வேண்டும். நம் எண்ணிக்கை பாடத்துக்கானது. நோயைத் தீர்மானிப்பது மருத்துவரின் வேலை.

அப்படியானால் அப்பாவுக்கு ஏன் லிம்போசைட் கூடாமல் 9-ஆகக் குறைந்தது? இதைக் கேட்க எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. பேராசிரியை பொறுமையாகச் சொன்னார். கொரோனா, கடுமையான இன்ஃபுளுயன்சா போன்றவற்றில் லிம்போசைட்டுகள் இரத்தத்தில் குறைந்துவிடுகின்றன. ஒரு பகுதி நோயுற்ற நுரையீரலுக்கு இடம்பெயர்கிறது. ஒரு பகுதி அழிந்தும் போகிறது. நியூட்ரோபில்களின் விகிதமோ ஏறுகிறது. அவ்வளவு குறைவது நோய் கடுமையாகலாம் என்பதற்கு ஓர் அடையாளம். மருத்துவர்கள் அப்பாவை அன்றே படுக்கையில் சேர்த்துக்கொண்டதன் காரணங்களுள் அந்த அம்புக்குறியும் ஒன்றாக இருந்திருக்கும்.

அன்றிரவு டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். அம்மாவையும் அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நியூட்ரோபில் என்றால் என்ன, லிம்போசைட் என்றால் என்ன, 9 என்றால் என்ன என்று தமிழில் சொன்னேன். அன்று எல்லாம் சரி என்று நான் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மா மட்டும், அது பொய் என்று தனக்கு அன்றே தெரியும் என்றார். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாராம். நான் பயந்துவிடக் கூடாதே என்று நம்பியதுபோல் இருந்தாராம்.

தோழர்களே, தோழியரே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நம் வீடுகளில் படிக்கப்படாத தாள்கள் எத்தனையோ பெட்டிகளில் கிடக்கின்றன. தம் சளியில் தம் நோயையே கண்டும் கண்ணை மூடிக்கொள்ளாத எர்லிக்கிடம் நான் கற்றது ஒன்றே: தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லக் கூடாது, தெரிந்துகொள்ளும் வரை விடவும் கூடாது. அடுத்தமுறை ஆய்வகத்தில் விரலில் நீலக்கறை பட்டால் உடனே கழுவிவிட அவசரப்படாதீர்கள். தையல் கூடத்தில் என் அம்மாவின் விரலிலும், பெர்லினில் ஒரு மேதையின் விரலிலும் இருந்த கறை அது.